முதல் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்: வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

பின்சக்கரத்துக்கும் ஷாக் வைத்த மலைச் சைக்கிளை முதன்முதலில் தேடுகிறவர் கண்ணில் படுவது ஒரே எண்: டிராவல். சக்கரம் மேலும் கீழும் எத்தனை மில்லிமீட்டர் அசையும் என்பதுதான் அது. 170 என்றால் 130-ஐவிட உசத்தி என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. சறுக்கல் அங்கேயே ஆரம்பம்.

வேகமாக மிதித்துத் தூரம் போகும் கிராஸ் கன்ட்ரி வண்டிகளுக்குச் சுமாராக 100 முதல் 120 மி.மீ., ஏற்றமும் இறக்கமும் கலந்த பாதைக்கான டிரெயில் வண்டிகளுக்கு 120 முதல் 150, கரடான இறக்கங்களுக்கான எண்டூரோவுக்கு 150 முதல் 180, இறக்கத்துக்கென்றே உள்ள டவுன்ஹில்லுக்கு 200 வரை. டிராவல் ஏற ஏற எடை ஏறும், முன்பக்கம் ஹேண்டில்பார் திரும்பும் குழாயான ஹெட் டியூப் மேலும் சாயும், மேட்டில் மிதிப்பது பாடாகும். ஹெட் ஆங்கிள், அதாவது அந்தக் குழாயின் சாய்வுக் கோணம், 64 டிகிரி உள்ள வண்டி செங்குத்து இறக்கத்தில் தடுமாறாமல் போகும். அதையே மெதுவாகப் போகும் நெளிவான பாதையில் ஓட்டினால் முன்சக்கரம் சொன்ன பேச்சு கேட்காது. வருடத்துக்கு ஒருமுறை போகப்போகிற பெரிய மலையை மனதில் வைத்து வாங்குகிறவர்கள் மற்ற நாளெல்லாம் தேவையில்லாத கிலோக்களை இழுக்கிறார்கள். முதல் வண்டிக்கு 120 முதல் 140 மி.மீ. பெரும்பாலோருக்குத் தாராளம்.

அடுத்த தவறு, மலிவு விலையில் இரண்டு பக்கமும் ஷாக் கிடைக்கிறதே என்று பாய்வது. ஸ்பிரிங் அமுங்கும், அமுங்கியது துள்ளாமல் நிதானமாகத் திரும்ப எண்ணெய் ஓடும் டேம்பர் வேண்டும். விலையைக் குறைக்க முதலில் கைவைப்பது அந்த டேம்பரில்தான். சீட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பட்டென்று விடுங்கள். மெத்தை ஸ்பிரிங் போல எகிறிக் குதித்தால் உள்ளே டேம்பிங் பெயருக்குத்தான். அமுங்கிய ஷாக் திரும்பும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் திருகு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும். அச்சையும் கவனியுங்கள்: முன்னால் 15 மி.மீ., பின்னால் 12 மி.மீ. தடித்த த்ரூ ஆக்ஸில் இருக்க வேண்டும். ஒல்லியான குயிக் ரிலீஸ் கம்பி இருந்தால், அந்த ஃபிரேமுக்குப் பின்னாளில் நல்ல ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) சக்கரமும் தேடுவது பெரும் அலைச்சல். பட்ஜெட் இவ்வளவுதான் என்றால், அதே பணத்தில் முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் பல மடங்கு உருப்படியான வண்டியாக இருக்கும்.

அளவு விஷயத்தில் மீடியம், லார்ஜ் என்ற எழுத்தை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் லார்ஜுக்குச் சமமாக இருக்கலாம். பார்க்க வேண்டியது ரீச். பெடல் தண்டு சுழலும் இடமான பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு, அந்தக் கோட்டிலிருந்து ஹெட் டியூப் உச்சியின் மையம் வரை உள்ள கிடைமட்டத் தூரம்தான் ரீச். பெடலில் எழுந்து நின்று ஓட்டும்போது உடம்புக்கு இடம் தருவது இதுதான். உட்கார்ந்து மிதிக்கும்போதோ சீட் டியூப் கோணமும் கணக்கில் வரும். அது 75 டிகிரிக்குக் குறைந்தால், ஷாக் அமுங்கிய நிலையில் மேடு ஏறும்போது எடை பின்னால் போய் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். குட்டையான ஃபிரேமை வாங்கிவிட்டு ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மை நீளமாகப் போட்டுச் சரிக்கட்டலாம் என்பது பழைய பழக்கம். திருப்பங்களில் ஹேண்டில்பார் சட்டென்று வளையாது, அவ்வளவுதான். கால் குட்டையானவர்கள் ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பர் சீட்போஸ்ட்டைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஷாக்குக்கு இடம்விட வளைத்த சீட் டியூபில் போஸ்ட் முழுதாக இறங்காது. அப்போது 170 மி.மீ. போஸ்ட்டை ஏற்றியே வைக்க நேரும், பெடல் எட்டாது.

இனி வருவதுதான் அதிகம் பேர் கோட்டைவிடும் இடம்: காற்று சரிபார்க்காத வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "இது கல்லு மாதிரி இருக்கு" என்று தள்ளிவிடுவது. காற்றையே ஸ்பிரிங்காகக் கொண்ட ஏர் ஷாக் ஒவ்வொருவர் எடைக்கும் தனியாக அமைக்க வேண்டிய சாமான். ஹெல்மெட், தண்ணீர், பை எல்லாம் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினால் தானாக அமுங்கும் அளவுக்கு ஸேக் என்று பெயர். டிரெயில் வண்டியில் பின்னால் 25 முதல் 30 சதவீதம், முன்னால் 20 சதவீதத்தை ஒட்டி. பின்பக்கச் சதவீதத்தைச் சக்கரத்தின் டிராவலில் போடாமல், ஷாக்கின் தண்டு உள்ளே போகும் நீளமான ஸ்ட்ரோக்கில் போட வேண்டும். 130 மி.மீ. டிராவல், 50 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் 30 சதவீதம் 15 மி.மீ. சில ஷாக்குகளில் வெளியே தெரியும் தண்டு ஸ்ட்ரோக்கைவிட நீளம், ஆகவே ஸ்கேலால் அளந்து ஏமாறாமல் விவரக் குறிப்பைப் பாருங்கள்.

டயர் பம்ப் இதற்கு உதவாது. 300 பிஎஸ்ஐ வரை போகும் ஷாக் பம்ப் வேண்டும். ஷாக்கை இறுக்கும் லீவர் திறந்த நிலையில், 50 பிஎஸ்ஐ ஏற்றிய ஒவ்வொரு தடவையும் ஷாக்கை மெதுவாகப் பத்து முறை அமுக்குங்கள். உள்ளேயுள்ள நெகட்டிவ் அறைக்கும் காற்று போய்ச் சமமானால்தான் அளவு உண்மையாகும். சுவரைப் பிடித்தபடி ஓட்டும் நிலையில் ஏறுங்கள், யாராவது ஷாக் தண்டிலுள்ள ரப்பர் வளையத்தைச் சீலோடு ஒட்டித் தள்ளட்டும், குதிக்காமல் இறங்கி அளந்து பாருங்கள். பம்பை மறுபடி மாட்டும்போது அழுத்தம் சற்றுக் குறைந்து தெரிந்தால் லீக் என்று பதற வேண்டாம். குழாயை நிரப்பப் போன காற்று அது. ரீபவுண்டை நடுவில் வைத்து, உட்கார்ந்தபடி ஒரு நடைபாதை விளிம்பிலிருந்து இறங்குங்கள். ஒரு துள்ளலில் அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் மெதுவாக்குங்கள். பெரிய குதிப்பில் அடித்தட்டுகிறது என்று காற்றை ஏற்றிக்கொண்டே போனால் ஸேக் காணாமல் போய், சின்னக் கல்லெல்லாம் கையில் உறைக்கும். அதற்கு மருந்து வால்யூம் ஸ்பேசர். காற்று அறையைச் சுருக்கி, கடைசிப் பகுதியை மட்டும் அது கடினமாக்கும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்க்கிறார்கள், ஃபிரேமின் பின்பகுதி அசையும் மூட்டான பிவட்டைப் பார்ப்பதில்லை. சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து மெல்லத் தூக்கி இறக்குங்கள்; "டொக்" என்ற ஆட்டம் விரலில் தெரிந்தால் பேரிங்கோ ஷாக் புஷ்ஷிங்கோ தேய்ந்திருக்கிறது. புஷ்ஷிங் மாற்றுவது சின்ன வேலை. எல்லாப் பிவட் பேரிங்கும் என்றால் ஃபிரேமையே பிரிக்க வேண்டும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஃபோர்க்கின் வழவழப்பான குழாயில் நகம் ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் கீறல் சீலைக் கிழித்து எண்ணெயைக் கசியவிடும். விரிசல் தேட வேண்டிய இடங்கள் வெல்டிங் ஓரம், ஹெட் டியூபின் அடிப்பக்கம், செயின்ஸ்டே, ஷாக் மாட்டும் தாங்கி. கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்றும் கேளுங்கள். சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கின் கீழ்க்கால் எண்ணெயும் ஷாக்கின் காற்று அறைச் சீலும் கவனிக்கப்பட வேண்டும். "நாலு வருஷமா ஒண்ணும் தொடவே இல்ல, புதுசு மாதிரி இருக்கு" என்று பெருமையாகச் சொன்னால், முழு சர்வீஸ் செலவு உங்கள் தலையில்தான்.

பின் கியர் மாற்றியை ஃபிரேமில் மாட்டும் சின்னத் தகடான டிரெய்லியர் ஹேங்கரில் ஃபிரேம் எந்த வகையை எடுக்கும் என்பதும் ஒரு கேள்வி. சைக்கிள் பாக நிறுவனமான ஸ்ராம் 2019-இல் கொண்டுவந்த யுடிஹெச் ஹேங்கர் பல நிறுவனங்களின் ஃபிரேம்களுக்குப் பொது, எளிதில் கிடைக்கும். அதற்கு முன் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வடிவம். அப்படிப்பட்ட ஃபிரேம் என்றால், காசு கொடுக்கும் முன்பே அந்த ஹேங்கர் இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்று பார்த்து, உபரியாக இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.