கேட்ட பிறகு சொல்லுங்கள்: பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரிக்கெட் வலைப்பயிற்சியில் ஒரு பையன் யார்க்கர் (மட்டையாளர் காலடியில் விழும் பந்து) பழகுகிறான். கிரீஸில் ஒரு பழைய ஷூ. அதில் பந்து பட வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் கோச் குரல் கொடுக்கிறார்: "சீக்கிரம் விட்டுட்ட", "தோள் சாயுது". பத்தாவது பந்து ஷூவில் படுகிறது, எல்லோருக்கும் திருப்தி. இரண்டு நாள் கழித்து, கோச் வராத அன்று, அதே பையன் ஃபுல்டாஸாகப் போட்டுத் தள்ளுகிறான்.

பந்துக்குப் பந்து பேசுவதுதான் முதல் தவறு. அன்றைய ஆட்டம் அதனால் மேம்படும், ஆனால் கற்றது தங்காது. சொல்பவரின் குரல் ஊன்றுகோல் ஆகிவிடுகிறது. தன் கை என்ன செய்தது என்று பையன் கவனிப்பதே இல்லை. 1984-லேயே சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதை எடுத்துச் சொல்லிவிட்டார்கள். பயிற்சி முடிந்த கையோடு முன்னேற்றத்தை அளக்காதீர்கள். மறுநாள் வாயே திறக்காமல் பத்துப் பந்து போடவிட்டுப் பாருங்கள்.

சரி, எப்போது சொல்ல வேண்டும் என்பதைப் பையனிடமே விட்டால்? 1997-ல் ஜெனெல் குழுவினர், பழக்கமில்லாத கையால் டென்னிஸ் பந்து எறியச் சொல்லிச் சோதித்தார்கள். வேண்டும்போது திருத்தம் கேட்கும் உரிமை பெற்றவர்கள் ஏறக்குறைய பத்து எறிதலுக்கு ஒருமுறைதான் கேட்டார்கள். இன்னொரு குழுவுக்கும் அதே அளவு திருத்தம், அதே இடங்களில் கிடைத்தது, கேட்காமலேயே. பின்னர் நடந்த சோதனையில் கேட்டு வாங்கியவர்களே மேல்.

நன்றாக விழுந்த பந்துக்குப் பிறகு "எப்படி சார்?" என்று கேட்பவனைப் பாராட்டுக்கு அலைகிறான் என்று நினைப்பது அடுத்த தவறு. சிவியாகோவ்ஸ்கியும் வுல்ஃபும் 2002-ல் கண்டது, பெரும்பாலோர் நல்ல முயற்சிக்குப் பிறகுதான் கேட்கிறார்கள் என்பதே. (அது விளையாட்டல்ல, விசைகளைக் குறித்த நேரத்தில் அழுத்தும் சோதனை.) தான் நினைத்தது சரிதானா என்று ஒத்துப் பார்க்கிறார்கள். "மூணாவது பந்துக்குச் சொல்றேன்" என்று முன்கூட்டியே பேசிவைப்பதும் வேண்டாம். பந்து போட்ட பிறகு கேட்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர்கள் நன்றாகக் கற்கிறார்கள் என்று அதே இருவர் 2005-ல் காட்டினார்கள்.

கேட்கவில்லை என்றால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நம் மைதானங்களில் சாரிடம் கேள்வி கேட்பதே அதிகப்பிரசங்கித்தனம். ஸ்லோமோஷனில் பதிவு செய்த போனைக் கிட்பேக் மேல் வைத்துவிடுங்கள்; வாயால் கேட்கத் தயங்கும் பையன்கூட எடுத்துப் பார்ப்பான்.

அதற்காக இதை மந்திரமாக நினைக்கவும் வேண்டாம். கற்பவர் கையில் கட்டுப்பாட்டைக் கொடுத்த ஆய்வுகளை 2022-ல் மெக்கேயும் சகாக்களும் மொத்தமாக அலசினார்கள். வெற்றி கண்ட ஆய்வுகளே அதிகம் அச்சாகும் பழக்கத்தைக் கழித்துப் பார்த்தபோது பலன் மிகச் சிறியது, இல்லாமலும் இருக்கலாம். என் கணிப்பில், நிச்சயமாகக் கைகொடுப்பது கோச் பேச்சைக் குறைப்பதுதான்.

காயத்தில் கொண்டுபோய் விடும் தவறுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் திரும்பும் மிக்ஸட் ஆக்‌ஷனில் வேகப்பந்து போடும் சிறுவனுக்குக் கீழ்முதுகு எலும்பில் விரிசல் வரக்கூடும். அங்கே பையன் கேட்கும்வரை பொறுக்காமல், பந்தைக் கையில் வாங்கிவிட்டுப் பேசுங்கள்.