ஏறிய கையோடு என்ஜின் நின்றால்: செஸ்னா 172 ஓட்டுபவர்களுக்கு

ஒற்றை என்ஜின் கொண்ட சிறு விமானமான செஸ்னா 172இல் தரையை விட்டு 300, 400 அடிதான் ஏறியிருக்கிறீர்கள், என்ஜின் அடங்கிவிட்டது. முதல் வேலை மூக்கைக் கீழே இறக்குவது. ஏறும்போது மூக்கு நிமிர்ந்திருக்கும். விசை போனதும் சில விநாடிகளிலேயே வேகம் சரிந்துவிடும். 172எஸ் மாடலில் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடல்) இறக்காமல் 70 நாட் (மணிக்கு சுமார் 130 கி.மீ.), இறக்கியிருந்தால் 65 நாட் வேகம் பிடியுங்கள். பழைய மாடல்களில் இந்த எண்கள் மாறும், உங்கள் கையேட்டைப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஓடுபாதைக்குத் திரும்பிவிடலாம் என்ற ஆசைதான் உயிரை வாங்குவது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: விநாடிக்கு 3 டிகிரி வீதம் திரும்பினால் 180 டிகிரிக்கு ஒரு முழு நிமிடம். அதற்குள் 700 அடிக்கு மேல் இறங்கியிருப்பீர்கள். அப்போதும் ஓடுபாதைக்குப் பக்கத்தில் விலகித்தான் இருப்பீர்கள். நேர்க்கோட்டுக்கு வர இன்னும் திரும்ப வேண்டும். அவசரப்பட்டு விமானத்தைப் பக்கவாட்டில் அதிகமாகச் சரித்தால் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம், ஏறும்: உயரம் குறையாத திருப்பத்தில் 45 டிகிரி சரிவுக்கு 19 சதவீதம், 60 டிகிரிக்கு 41 சதவீதம். அந்த உயரத்தில் ஸ்டாலாகி ஒரு பக்க இறக்கை சட்டென்று கீழே சாய்ந்தால் மீட்க இடமே கிடையாது. எதிரே தெரிவதில் நல்ல இடத்தைத் தேர்ந்து, லேசாக மட்டும் திருப்பி இறங்குங்கள். கட்டுப்பாட்டோடு வேலியில் மோதினாலும் பிழைக்க வழி உண்டு.

இடம் முடிவானதும் என்ஜினுக்குப் போகும் எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் சிவப்பு மிக்ஸ்ச்சர் குமிழை முழுக்க வெளியே இழுங்கள், எரிபொருள் வால்வை மூடுங்கள், இக்னிஷனை அணையுங்கள், ஃபிளாப்பை இறக்குங்கள். மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் மாஸ்டர் சுவிட்சை அணைப்பது அதற்குப் பிறகுதான், ஏனென்றால் ஃபிளாப் மின்சாரத்தில் ஓடுகிறது. கதவுத் தாழை முன்பே விடுவித்துவிடுங்கள். மோதலில் சட்டம் நெளிந்தால் கதவு இறுகிக்கொள்ளும்.

இதில் பாதி வேலை தரையிலேயே முடிந்திருக்க வேண்டும். எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று குப்பியில் வடித்துப் பார்க்க 172எஸ்ஸில் 13 இடங்கள்: ஒவ்வோர் இறக்கைக்கும் ஐந்து, அடிவயிற்றில் மூன்று. ஒன்றையும் விடாதீர்கள், மழைக்குப் பிறகு கட்டாயம். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் நீலமாக இருக்கும், தண்ணீர் அடியில் நிறமற்றுத் தங்கும். குப்பி முழுக்கத் தண்ணீராகவே வந்தால் பிரிகோடு தெரியாது, பலர் ஏமாறுவது இங்கேதான். வெள்ளைப் பின்னணியில் பிடித்து நீலம் இருக்கிறதா பாருங்கள்.

அடுத்து, 172எஸ்ஸில் நிமிடத்துக்கு 1800 சுற்றில் மேக்னெட்டோ சோதனை. மேக்னெட்டோ என்பது என்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி, இரண்டு இருக்கும். ஒவ்வொன்றாக மட்டும் ஓட்டிப் பார்க்கும்போது எதிலும் 150 சுற்றுக்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் இடையே 50க்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. புறப்படும்போது முழுத் த்ராட்டிலில் 2300 சுற்றைத் தொடவில்லையா? அங்கேயே த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்து விமானத்தை நிறுத்துங்கள். எதிரே இன்னும் ஓடுபாதை இருக்கிறது.