மோப்பப் பயிற்சியில் நாய் படிப்பது நம் முகத்தையா?

வீட்டிலேயே நாய்க்கு மோப்பமும் உடற்பயிற்சியும் பழக்கத் தொடங்கிய சிலரை அண்மையில் அருகிலிருந்து கவனித்தேன். முன்பு நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்கிறார்கள். தண்டிக்கக் கூடாது என்பது போன்ற, எல்லோரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒளித்தவரே நாயை அழைத்து வருவது

ஆறு அட்டைப்பெட்டிகளில் ஒன்றில் தீனியை வைத்தவரே நாயையும் பிடித்து வரும்போது, அந்தப் பெட்டியருகே அவருடைய நடை தளர்கிறது, பார்வை நிலைக்கிறது, கயிறு சற்றே இறுகுகிறது. நாய்க்கு இவ்வளவு போதும். என் நாய் மூன்று மாதங்கள் தவறே செய்யவில்லை. ஒருநாள் எனக்குத் தெரியாமல் நண்பர் ஒளித்து வைத்தபோது, அது முதல் பெட்டியின் முன் நின்று என் முகத்தையே பார்த்தது. அந்தப் பழக்கத்தை மாற்ற மூன்று மாதங்களுக்கும் மேல் ஆனது.

கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்னும் ஜெர்மானியக் குதிரை, கேள்வி கேட்பவரின் நுண்ணிய அசைவுகளைப் பார்த்தே விடை சொன்னது என்பதை உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907இல் விளக்கினார். 2011இல் வெளியான கலிஃபோர்னிய ஆய்வொன்றில், எதுவுமே ஒளிக்கப்படாத இடங்களில்கூட, பொருள் இருப்பதாக நம்பவைக்கப்பட்ட 18 பயிற்றுநர்களில் பெரும்பாலோர் தங்கள் நாய்கள் அதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். தேர்ந்தவர்களுக்கே இந்த நிலை என்றிருக்க, "என் நாய் அப்படியில்லை" என்று புதியவர்கள் சொல்வது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

வேறொருவர் ஒளிக்கட்டும், இடம் உங்களுக்குத் தெரிய வேண்டாம். அவர் எல்லாப் பெட்டிகளையும் ஒரே அளவு தொட வேண்டும். இல்லையெனில் நாய் தீனியை விட்டுக் கைவாசனையைத் தேடும். தீனி வைத்த பெட்டியை அடுத்த சுற்றில் வெறும் பெட்டியாகப் பயன்படுத்தவும் கூடாது, ஏனெனில் வாசனை அதில் தங்கியிருக்கும்.

ஓடவிட்ட பின் தேடச் சொல்வது

மூச்சிரைக்கும் நாயால் அதே வேளையில் சரிவர மோப்பம் பிடிக்க முடிவதில்லை. ஆகவே மோப்பப் பயிற்சி முதலில், ஓட்டம் அதன் பிறகு.

அவசரமாக நறுமண எண்ணெய்க்குத் தாவுவது

நாய் தேட வேண்டிய வாசனையாக முதலில் தீனியே போதும். தேயிலை மர எண்ணெய் நாய்க்கு நஞ்சு. அதை வீட்டுப் பயிற்சியில் தொடவே வேண்டாம்.

குட்டியை உயரம் தாண்டவைப்பது

எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு முனையருகே வளர்ச்சி நடக்கும் மென்மையான பகுதிகள்) மூடும் வரை கூடாது. பெரிய இனங்களில் அதற்கு ஒன்றரை ஆண்டுகூட ஆகும்.

வழுக்கும் தரை

விரிப்பில்லாமல் தொடங்காதீர்கள்.