விண்டோஸ் எஃப்டிபி சர்வரில் ஒவ்வொரு யூசரையும் அவரவர் ஃபோல்டரில் இறக்குவது எப்படி

ஆபீஸில் விண்டோஸ் சர்வர் இருக்கிறது, அதில் ஐஐஎஸ் (விண்டோஸோடு வரும் வெப் சர்வர் மென்பொருள்) போட்டு, ஃபைல்களை நெட்வொர்க்கில் அனுப்பவும் எடுக்கவும் ஒரு எஃப்டிபி சைட்டும் தொடங்கியாயிற்று, யூசர்கள் லாகினும் ஆகிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே ரூட் ஃபோல்டரில், அதாவது சைட்டின் மேல்மட்ட ஃபோல்டரில், போய் நின்று அடுத்தவர் ஃபைலையெல்லாம் பார்க்கிறார்கள். உங்கள் நிலைமை இதுதான் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

எதையும் கிளிக் செய்வதற்கு முன் ஒன்றைத் தெளிவாக முடிவு செய்துகொள்ளுங்கள். யூசர் லாகின் ஆனதும் எந்த ஃபோல்டரில் நிற்க வேண்டும் என்பது ஒரு கேள்வி, அங்கிருந்து அவர் மேலே ஏறிப் போகலாமா என்பது வேறு கேள்வி. பலர் முதலாவதை மட்டும் செட் செய்துவிட்டு இரண்டாவதும் தானாகவே நடந்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள், வெளி ஆட்களுக்கு லாகின் கொடுக்கும் சர்வரில் இந்த நம்பிக்கை ரொம்ப ஆபத்தானது.

சரி, ஐஐஎஸ் மேனேஜரைத் திறந்து இடது பக்கம் உங்கள் எஃப்டிபி சைட்டைத் தேர்ந்தெடுத்தால் நடுவில் 'எஃப்டிபி யூசர் ஐசொலேஷன்' என்று ஒரு ஐகான் இருக்கும். உள்ளே போனால் இரண்டு பிரிவுகள். மேலே இருப்பது 'டூ நாட் ஐசொலேட் யூசர்ஸ்'. அதில் 'எஃப்டிபி ரூட் டைரக்டரி' என்பதை எடுத்தால் எல்லோரும் ரூட்டில் இறங்குவார்கள், 'யூசர் நேம் டைரக்டரி' என்பதை எடுத்தால் யூசர் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதில் இறக்கும், இல்லையென்றால் சத்தமில்லாமல் ரூட்டிலேயே விட்டுவிடும். இரண்டிலுமே யூசர் அடுத்தவர் ஃபோல்டர்களுக்குப் போக முடியும், தடுப்பது ஃபோல்டர் பர்மிஷன் மட்டும்தான். ஒருவரையொருவர் நம்பும் சின்ன டீமுக்கு இது போதும்.

கீழே இருக்கும் 'ஐசொலேட் யூசர்ஸ்' பிரிவுதான் உண்மையில் கதவைப் பூட்டுவது. வாடிக்கையாளர்களோ வெளி நிறுவனங்களோ ஃபைல் அனுப்பும் சர்வர் என்றால் இதைத் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். இதில் 'யூசர் நேம் டைரக்டரி' என்பதை எடுத்து, வலது பக்கம் 'அப்ளை' கொடுங்கள்.

இப்போது லாகின் செய்து பார்த்தால் அநேகமாக 530 எர்ரர் வரும், ஹோம் டைரக்டரியை அணுக முடியவில்லை என்று சொல்லும். பாஸ்வேர்ட் தப்போ என்று அதை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஐஐஎஸ் எதிர்பார்க்கும் ஃபோல்டர் அமைப்பு இன்னும் இல்லை, அவ்வளவுதான். சர்வரிலேயே உருவாக்கிய லோக்கல் அக்கவுண்ட்கள் என்றால், எஃப்டிபி ரூட்டுக்குள் 'லோக்கல்யூசர்' என்று ஆங்கிலத்தில், நடுவில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக, ஒரு ஃபோல்டர் போடுங்கள். அதற்குள் ஒவ்வொரு யூசர் பெயரிலும் ஒரு ஃபோல்டர். டிசைன் என்ற யூசருக்கு டிசைன், அக்கவுண்ட்ஸ் என்ற யூசருக்கு அக்கவுண்ட்ஸ். எழுத்து ஒன்று மாறினாலும் லாகின் ஆகாது. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று மட்டும் விண்டோஸ் பார்க்காது.

ஆபீஸ் முழுவதற்கும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் அக்கவுண்ட்கள் என்றால் லோக்கல்யூசர் என்ற ஃபோல்டர் வேலைக்கு ஆகாது. அதன் இடத்தில் டொமைனின் குட்டைப் பெயரில் (நெட்பயாஸ் பெயர்) ஒரு ஃபோல்டர், அதற்குள் யூசர் ஃபோல்டர்கள். பெயர் தெரியாதவர்களையும் அனுமதிக்கும் அனானிமஸ் லாகினுக்கு லோக்கல்யூசருக்குள் 'பப்ளிக்' என்று ஒரு ஃபோல்டர் வேண்டும். ஐசொலேஷன் இல்லாத முறையில் அனானிமஸ் ஆட்கள் இறங்கும் இடம் வேறு, ரூட்டுக்குள் 'டிஃபால்ட்' என்ற பெயரில் ஃபோல்டர் போட வேண்டும்.

அடுத்தது பர்மிஷன், அதிக நேரம் இழுப்பது இதுதான். இரண்டு இடத்தில் அனுமதி இருந்தால்தான் யூசரால் ஃபைல் ஏற்ற முடியும். ஒன்று ஐஐஎஸ்ஸில் 'எஃப்டிபி ஆத்தரைசேஷன் ரூல்ஸ்', அங்கே ரீட், ரைட் இரண்டையும் டிக் செய்யுங்கள். இன்னொன்று ஃபோல்டரின் 'செக்யூரிட்டி' டேபில் வரும் என்டிஎஃப்எஸ் பர்மிஷன் (விண்டோஸின் சொந்த ஃபைல் பர்மிஷன்), அங்கே அந்த யூசருக்கு 'மாடிஃபை' கொடுங்கள். அப்புறம், மேலே இருக்கும் ஃபோல்டரிலிருந்து 'யூசர்ஸ்' என்ற குரூப்புக்கு ரீட் பர்மிஷன் இறங்கி வந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வந்திருந்தால் 'அட்வான்ஸ்டு' போய் இன்ஹெரிட்டன்ஸை நிறுத்துங்கள், நிறுத்தும்போது இருக்கும் பர்மிஷன்களை நேரடிப் பர்மிஷன்களாக மாற்றச் சொல்லிவிட்டு, யூசர்ஸ் குரூப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸும் சிஸ்டமும் அப்படியே இருக்கட்டும், அவற்றை எடுத்தால் பேக்கப் முதல் எல்லாம் தடுமாறும். நாளைக்கே யாராவது ஐசொலேஷன் செட்டிங்கைத் தெரியாமல் மாற்றினாலும் ஒருவர் ஃபைல் இன்னொருவர் கைக்குப் போகாமல் இருப்பது இந்தப் பர்மிஷனால்தான், அதனால் இதில் சோம்பல் வேண்டாம்.

சி டிரைவில் இடம் குறைவு, ஒரு யூசரின் ஃபைல்களை மட்டும் டி டிரைவில் வைக்க வேண்டும் என்றால் ஐஐஎஸ் மேனேஜரில் லோக்கல்யூசர் மேல் ரைட் கிளிக் செய்து 'ஆட் விர்ச்சுவல் டைரக்டரி' கொடுங்கள், வேறு இடத்தில் இருக்கும் ஃபோல்டரை இங்கே இருப்பது போல் காட்டுவதுதான் விர்ச்சுவல் டைரக்டரி. ஏலியஸ் என்ற இடத்தில் யூசர் பெயர், பாத் என்ற இடத்தில் டி டிரைவ் ஃபோல்டர். யூசருக்கு வித்தியாசமே தெரியாது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டரும் தெரிய வேண்டும் என்றால் ஐசொலேஷனில் 'யூசர் நேம் ஃபிசிக்கல் டைரக்டரி' என்ற அடுத்த ஆப்ஷனை எடுத்து, பொது ஃபோல்டரை ரூட்டில் விர்ச்சுவல் டைரக்டரியாகப் போடலாம். ஆனால் இந்த ஆப்ஷனில் யூசரின் சொந்த ஃபோல்டர் நிஜமாகவே ரூட்டுக்குள் இருக்க வேண்டும், டி டிரைவ் வழி இதில் நடக்காது. பொது ஃபோல்டர் லிஸ்ட்டில் வரவில்லை என்றால் 'எஃப்டிபி டைரக்டரி பிரவுசிங்'கில் 'விர்ச்சுவல் டைரக்டரீஸ்' டிக் ஆகாமல் இருக்கும்.

சோதிக்கும்போது ஃபைல்ஜில்லா என்ற எஃப்டிபி மென்பொருளில் அந்த யூசராகவே லாகின் செய்து மேலே ஓடும் லாகைப் பாருங்கள். 257 என்று தொடங்கும் வரியில் வெறும் சாய்வுக் கோடு மட்டும் இருந்து, லிஸ்ட்டில் அடுத்தவர் ஃபோல்டர்களும் தெரியாவிட்டால் யூசர் தன் ஃபோல்டரையே ரூட்டாகப் பார்க்கிறார், ஐசொலேஷன் வேலை செய்கிறது. கோட்டுக்குப் பின்னால் யூசர் பெயரும் வந்தால் அவர் அந்த ஃபோல்டரில் தொடங்கியிருக்கிறாரே தவிர பூட்டப்படவில்லை. விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் இருக்கும் எஃப்டிபி கமாண்டால் சோதிக்காதீர்கள், அதற்கு இணைப்பை மறையாக்கம் செய்யும் எஸ்எஸ்எல் தெரியாது, சர்வரில் எஸ்எஸ்எல் கட்டாயம் என்று வைத்திருந்தால் 534 எர்ரர் கொடுத்துவிட்டு நிற்கும். அந்த எர்ரருக்காக எஸ்எஸ்எல்லை அணைத்துவிடாதீர்கள், அணைத்தால் பாஸ்வேர்ட் அப்படியே வெளிப்படையாக நெட்வொர்க்கில் போகும்.