நெஞ்சுவலி: தொடங்கிய மணியைக் குறித்து வையுங்கள்

வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது? அவசரப் பிரிவில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். 'விடியக்காலம்' என்றால் போதாது. அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போனவருக்கு வலி வந்ததென்றால், எத்தனையாவது மரம் வெட்டும்போது என்று கேட்டாவது மணியைக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்தடுத்த சிகிச்சை அந்த மணியைப் பிடித்துத்தான் மாறும்.

வாயு என்று சுக்குக் கஷாயம் குடிப்பதும், வர்மம் பட்டிருக்கும் என்று தடவச் சொல்வதும் நம் குமரி மாவட்டத்துப் பழக்கம். வர்ம ஆசானைக் குறை சொல்லவில்லை. ஈசிஜி எடுத்த பிறகு அவரைப் பார்க்கலாம். நெஞ்சு கனத்து, வலி தாடைக்கோ கைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் மாரடைப்பாக இருக்கலாம், உடனே 108. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டாம்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டப்படி 14 மாத்திரை தருவார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு. ஆஸ்பிரினை மென்று விழுங்கினால் சீக்கிரம் வேலை செய்யும். மலம் கறுத்துப் போயிருந்தாலோ, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதென்றாலோ முன்பே சொல்லுங்கள். முந்தின நாள் வயாகரா வகை மாத்திரை போட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்; அதன்மேல் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வைத்தால் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும்.

வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி. அதில் எஸ்டி (ஈசிஜி கோட்டின் ஒரு பகுதி) ஏறியிருந்தால் இதய ரத்தக்குழாய் முழுக்க அடைத்துவிட்டது என்று கொண்டு, ட்ரோபோனின் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையில் இறங்குவார்கள். 120 நிமிடத்துக்குள் குழாய்க்குள் பலூன் வைத்து அடைப்பைத் திறக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மார்த்தாண்டம் நெரிசலையும் சேர்த்து நிமிடத்தைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியோ திருவனந்தபுரமோ, கிளம்பும் முன் போன் செய்து, பலூன் வைக்கும் அறையான கேத் லேப் அந்த நேரம் இயங்குகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

முடியாதென்றால், வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. டெனெக்டிப்ளேஸ் எடைக்கேற்ப ஒரே தள்ளில் போகும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேர டிரிப். பிரஷர் இறங்கினால் டிரிப்பை மெதுவாக்குவார்கள். என்றைக்காவது மூளையில் ரத்தம் கசிந்திருந்தால் இரண்டும் கூடாது.

ஊசி போட்டு 60 முதல் 90 நிமிடத்தில் மறு ஈசிஜி. ஏறின எஸ்டி பாதியாவது இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் உடனே பலூனுக்கு அனுப்புவார்கள். இறங்கினாலும் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ (குழாயின் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே பரிசோதனை). இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: வலி போயிற்று, தெரிந்த டாக்டரிடம் அடுத்த வாரம் காட்டலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கரைந்தது கட்டி மட்டும்தான். குழாயின் சுருக்கம் அப்படியே இருக்கிறது, மறுபடி அடைக்கும். ரெஃபரல் தாளில் ஊசி போட்ட மணியும் மருந்தின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்து, ஈசிஜி இரண்டையும் அதோடு சேர்த்துப் பின் அடியுங்கள்.

எஸ்டி ஏறவில்லை, ட்ரோபோனின் மட்டும் கூடியிருக்கிறது என்றால் கரைக்கும் ஊசி கேட்டு மல்லுக்கட்டாதீர்கள். பலனில்லை, ரத்தக்கசிவுதான் மிச்சம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி, ஆபத்துக் கூடுதலானவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ. முதல் ஈசிஜி நார்மல் என்றாலும் எழுந்து போய்விட வேண்டாம். சில மணி நேரம் கழித்து இரண்டாவது ட்ரோபோனின் எடுப்பார்கள்.

பழைய ஆட்கள் வாரக்கணக்கில் அசையாமல் படுத்திருந்ததைச் சொல்வார்கள். ஆஸ்பிரினும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்ந்தால் உயிர் மிஞ்சும் என்று பெரிய ஆய்வு காட்டியதே 1988-இல்தான். இப்போது சிக்கல் இல்லாதவர் மூன்று நாளில் வீடு திரும்பலாம். ஆக்சிஜன்கூட ரத்தத்தில் அதன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால்தான். மாஸ்க் வைக்கவில்லையே என்று சிஸ்டரிடம் சண்டை வேண்டாம்.

வீட்டுக்குக் கிளம்பும்போது எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் இதயம் பம்ப் செய்யும் சதவீதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இரண்டும் பெரும்பாலும் 12 மாதம். நடுவில் பல் பிடுங்கப் போனால், மாத்திரையை நிறுத்தும் முன் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.