மூணாறு குளிருக்கு எந்தக் குல்லா? மலைக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு

போடி, கம்பம், உடுமலைப் பக்கத்திலிருந்து மூணாறு, தேவிகுளம், சூரியநெல்லிக்கு வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் டிசம்பரில்தான் முதல் உல்லன் குல்லாவை வாங்குகிறார்கள். விடியற்காலைக் குளிர் காதைக் கடித்த பிறகு போவதால், கடையில் இருப்பதிலேயே தடிமனானதைக் கேட்டு வாங்குகிறார்கள். கடையில் உட்கார்ந்திருக்கவும், ராத்திரி காவலுக்கு நாற்காலி போடவும் அது சரிதான். ஜீப் ஓட்ட, பைக்கில் போக, சுற்றுலாக்காரர்களோடு மலை ஏற, அதிகாலையில் ஓட, கொழுந்து எடுக்க அது உதவாது. உடம்பு அசையும் வேலையில் குல்லாவுக்கு முதல் எதிரி உங்கள் வியர்வை. குளிர் அதற்கு அடுத்ததுதான்.

இந்த ஊர்க் குளிரைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் குல்லாவும் தானாகப் புரியும். மூணாறு டவுன் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவுகளில் தரை வேகமாகச் சூட்டை இழக்கும். அப்படிக் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் வீட்டைவிடக் கீழே ஓடைக்கரை லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) குளிர் அதிகம். செண்டுவாரை மாதிரியான எஸ்டேட் பள்ளங்களில் சில ஆண்டுகள் பூஜ்யத்தைத் தொட்டுப் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படர்கிறது. அதே நாள் பதினொரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆக உங்கள் குல்லா அதிகாலையிலிருந்து ஒன்பது மணிவரை தலையில், மீதி நாள் பையில். சட்டைப் பையில் மடித்துத் திணிக்க முடியாத குல்லாவை நாலாம் நாள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவீர்கள். மறையூர்ப் பக்கம் இறங்கி வேலை பார்ப்பவர்களுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். அங்கே உயரமும் குறைவு, குளிரும் குறைவு.

உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்று யாராவது சொல்வார்கள். அது தவறு. உடம்பின் மொத்தப் பரப்பில் தலையின் பங்கு பத்து சதவீதம்தான், வெப்ப இழப்பும் ஏறக்குறைய அதே அளவு. காதுதான் உண்மையான பிரச்சினை. அதில் கொழுப்பும் குறைவு, தசையும் குறைவு. ரத்தம் குறைந்தவுடன் வலிக்கத் தொடங்கிவிடும். காதையும் நெற்றியையும் மூடாத குல்லா எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வீண். உச்சந்தலையில் மட்டும் உட்காரும் குட்டையான ஃபேஷன் குல்லாக்கள் இந்தக் கணக்கில் சேராது.

நூல்

கடையில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அக்ரிலிக் தண்ணீரை உள்ளே இழுக்காது, சீக்கிரம் காயும், விலை குறைவு, வழக்கமான துவைப்பைத் தாங்கும். ஆனால் வியர்வையை வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியாததால் நெற்றியில் பிசுபிசுவென்று ஒட்டும், சில நாளில் நாற்றம் பிடிக்கும், உரசும் இடங்களில் நூல் உருண்டு திரளும்.

கம்பளி வேறு குணம். தன் எடையில் முப்பது சதவீதம்வரை ஈரத்தை ஆவியாக உள்வாங்கியும் தொட்டால் நனைந்தது போலத் தெரியாது. ஏறி இறங்கி நின்று மறுபடி ஏறும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான நூல் இல்லை. குத்துமா குத்தாதா என்பது நாரின் பருமனைப் பொறுத்தது. 17 முதல் 19 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) பருமனுள்ள மெரினோ, அதாவது மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி, நெற்றியில் பட்டாலும் உறுத்தாது. 25 மைக்ரானைத் தாண்டினால் பலருக்கு அரிக்கும். லேபிளில் மெரினோ என்று மட்டும் இருந்தால் போதாது, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பத்து சதவீதக் கம்பளி கலந்ததைக் கம்பளி விலைக்கு வாங்க வேண்டாம். பாதிக்குப் பாதி கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த குல்லா நல்ல சமரசம். ஐந்து சதவீதத்துக்குள் ஸ்பாண்டெக்ஸ் என்ற இழுபடும் நூல் கலந்திருந்தால் இழுவை போகாமல் இருக்கும்.

பருத்திக் குல்லாவை மட்டும் தவிருங்கள். ஊரில் பனியன் துணியில் கிடைப்பது மென்மையாக, மலிவாக இருக்கும். நனைந்தால் அதன் இழைகள் படுத்துவிடும், காற்றுக்கு இடமிருக்காது, காய மதியமாகும். வியர்த்தபடி ஏறிப்போய்ச் சிகரத்தில் நிற்கும்போது தலையில் ஈரத்துணி போட்ட மாதிரிதான்.

லேபிள் கிழிந்துபோன, யாரோ கொடுத்த குல்லா என்ன நூல் என்று தெரிய ஒரு சோதனை உண்டு. உள் விளிம்பிலிருந்து ஒரு இழையைப் பிரித்து, இடுக்கியில் பிடித்து, குல்லாவுக்குத் தள்ளி நெருப்பில் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் வாசனை தரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை விரலில் நசுக்கலாம். அக்ரிலிக் உருகி எரிந்து கடினமான கருப்பு முத்தாக நிற்கும். பருத்தி காகிதம் எரிந்த வாசனை. (கடைக்காரர் முன்னால் செய்யாதீர்கள்.)

தடிமனும் பின்னலும்

ஓடுகிறவர்களுக்கும் மலை ஏறுகிறவர்களுக்கும் ஒற்றை அடுக்கில் 150 முதல் 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) போதும். கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்கும் இதுவே போதும்; மேலே வழக்கமான தலைத்துணியைக் கட்டினால் பனித்துளியும் குல்லாவுக்குள் இறங்காது. விடியலுக்கு முன் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குத் திறந்த ஜீப்பில் ஏறுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. வெளியே 5 டிகிரி, மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால் தோலுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே ஒரு டிகிரி போல இருக்கும். அவர்களுக்கு இரட்டை அடுக்கு, அல்லது காதுப் பட்டையில் மட்டும் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணி) வைத்துத் தைத்தது வேண்டும்.

ஜி.எஸ்.எம். எழுதாத குல்லாதான் இங்கே அதிகம் கிடைக்கும். அப்போது குல்லாவை வாய்மேல் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு இதமாக மறுபுறம் வந்தால் நடப்பதற்கு. கிட்டத்தட்ட வரவில்லையென்றால் வண்டிக்கு. தங்குதடையில்லாமல் வந்தால் அது அலங்காரத்துக்கு.

பின்னலில் ரிப் வகையைத் தேர்ந்தெடுங்கள், அதாவது வரிவரியாக மேடும் பள்ளமும் உள்ளது. விரிந்து சுருங்கும், தலையைப் பிடித்துக்கொள்ளும். கீழே மடித்துவிடும் பட்டை இருந்தால் காதுக்கு இரண்டு அடுக்கு கிடைக்கும். வெயில் ஏறியதும் மேலே மடிக்கலாம். பெரிய முறுக்குப் பின்னல்கள் பார்க்க அழகு, ஆனால் துளைகளும் பெரிது.

அளவு

தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதுக்கு மேலாகப் பின்மண்டைப் புடைப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். பெரியவர்களுக்கு 54 முதல் 60 செ.மீ. இருக்கும். இழுக்காத நிலையில் குல்லாவின் சுற்றளவு அதைவிட ஐந்து செ.மீ. குறைவாக இருப்பது நல்லது. அதற்கு மேல் இறுக்கினால் நெற்றியில் தடம் விழும், தலை வலிக்கும். அது மட்டுமல்ல, அதிகம் இழுபட்ட பின்னலில் கண்கள் திறந்துகொள்ளும், காற்று நேராக உள்ளே வரும். இறுக்கமான குல்லா கதகதப்பாக இருக்கும் என்று நினைப்பது இங்கேதான் தோற்கிறது. உயரம், பட்டையை மடிக்காமல், 21 செ.மீ.க்குக் குறைந்தால் குனியும்போது காதைவிட்டு ஏறிவிடும்.

கொண்டையோ உயரப் பின்னலோ போடுகிறவர்கள் இன்னும் மூன்று நான்கு செ.மீ. உயரம் பாருங்கள், அல்லது பின்கழுத்தருகே தாழ்த்திப் பின்னுங்கள். எண்ணெய் வைத்த தலையோடு கம்பளியைப் போடுவதுதான் நம் வீடுகளில் பெரிய சிக்கல். இந்தக் குளிரில் தேங்காயெண்ணெய் உறையும். உறைந்த எண்ணெய் பின்னல் இடுக்கில் அடைத்து, காற்று நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், சிக்கு வாடை தனி. உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டால் குல்லா பிழைக்கும், ஆனால் ஏறும்போது வியர்வையில் நனைவது அந்தத் துணிதான். உடம்பு அசையும் நாளில் எண்ணெயை ராத்திரிக்குத் தள்ளிப் போடுங்கள்.

ஹெல்மெட்டுக்குள்

போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கில் ஏறி இறங்குகிறவர்கள் தடித்த குல்லாமேல் ஹெல்மெட் மாட்டுவதைத் தினமும் பார்க்கலாம். இது ஆபத்து. தலையோடு ஒட்டி உட்கார வேண்டிய ஹெல்மெட்டுக்கும் தலைக்கும் நடுவே அமுங்கும் ஒரு மெத்தை வந்துவிடுகிறது. விழும்போது ஹெல்மெட் நகரும், சில சமயம் கழன்றே போகும். மெல்லிய, உச்சியில் குஞ்சமோ தடித்த தையலோ இல்லாத, தோலோடு ஒட்டும் குல்லாதான் உள்ளே போகலாம். போட்ட பிறகு வாரை மாட்டி, இரு கைகளாலும் ஹெல்மெட்டைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் சுழன்றால் குல்லா தடிமன். மங்கி குல்லா இதற்கு ஆகவே ஆகாது. மோவாய்ப் பட்டை வாரின் அடியில் சுருண்டு, வார் இறுகாமல் செய்துவிடும். கழுத்துக் குளிருக்குக் கழுத்திலேயே சுற்றும் குழாய்த் துணி போடுங்கள். மஃப்ளரானால் நுனிகளை ஜாக்கெட்டுக்குள் செருகிவிட்டு வண்டியை எடுங்கள்.

இன்னொன்று இந்த மலைக்கே உரியது. மாட்டுப்பட்டி, சின்னக்கானல் பக்கமெல்லாம் யானை நடமாட்டம் உண்டு; படையப்பா என்ற கொம்பன் மூணாறுச் சாலைகளிலேயே உலவுவது எல்லோருக்கும் தெரியும். மூடுபனியில் யானை கண்ணுக்குத் தெரிவதற்கு முன் கிளை ஒடியும் சத்தம்தான் முதலில் வரும். ஃப்ளீஸ் வைத்த காதுப் பட்டை அந்தச் சத்தத்தை அடக்கிவிடும். இருட்டில் தனியாக நடக்கிறவர்கள் ஒற்றை அடுக்குப் பின்னலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்குள் இயர்போன் வேண்டவே வேண்டாம். நிறம் விருப்பம்போல, சாலையோரம் ஓடுகிறவர்களுக்கு மட்டும் பளிச்சென்ற நிறம், முடிந்தால் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை.

போடுவதும் கழற்றுவதும்

ஏற்றம் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாகத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் வியர்க்கும். நெற்றி ஈரமாவதற்கு முன்பே பட்டையைக் காதுக்கு மேலே மடியுங்கள், போதாவிட்டால் கழற்றிப் பையில் வையுங்கள். மேலே நின்றவுடன், குளிர் தெரிவதற்குக் காத்திராமல், திரும்பப் போடுங்கள். நீண்ட நடைக்குப் போகிறவர்கள் மலிவான இரண்டாவது குல்லா ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்துக்கொள்ளலாம். நனைந்ததை நீங்களே உலர்த்திக்கொண்டு நிற்பதைவிட மாற்றிவிடுவது எளிது. கைக்குழந்தைகளுக்கு ஒரே ஒரு விதி: வெளியே தூக்கிப் போகும்போது குல்லா, தூங்க வைக்கும்போது கழற்றிவிடுங்கள். குழந்தை சூட்டைத் தலை வழியாகத்தான் பெரிதும் தணித்துக்கொள்ளும்; மூக்கில் சரிந்து மூடும் ஆபத்தும் உண்டு.

துவைத்தல்

கம்பளி சுருங்குவதற்குச் சூடு, தேய்ப்பு, காரம் மூன்றும் காரணம். நாரின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டால் திரும்ப விரியாது. துணி சோப்புக் கட்டியும் சோடாவும் வேண்டாம். ஒரு வாளிக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஷாம்பு கரைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, அமுக்கி அமுக்கி எடுங்கள். பிழியாதீர்கள். துண்டில் சுருட்டி மிதித்தால் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும். பிறகு நிழலில் தட்டையாகப் பரப்புங்கள்; கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீளும். அடுப்போரம் காய வைப்பது லயங்களில் வழக்கம். கம்பளி அங்கே விறைக்கும், அக்ரிலிக் பொறி பட்டால் உருகி எரியும். குறைந்தது இரண்டு முழம் தள்ளியே வையுங்கள்.

குளிர் மாதம் முடிந்ததும் குல்லாவை மூட்டை கட்டிவிட நினைப்பீர்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்து வாரக்கணக்கில் வெயிலே இல்லாமல் போகும்போது மறுபடி தேடுவீர்கள். மழையில் குல்லா மட்டும் போதாது, மேலே ரெயின்கோட்டின் தலைமூடி வேண்டும். அந்த மாதங்களில் அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும், அழுக்கோடு வைத்த கம்பளியைப் பூச்சி துளைக்கும். துவைத்து நன்றாகக் காய்ந்த பிறகு மூடியுள்ள டப்பாவில் அந்துருண்டையைத் துணியில் முடிந்து வைத்து மூடுங்கள், எடுத்துப் போடும் முன் ஒரு நாள் காற்றில் விடுங்கள்.