ரோபோ போட்டிக்கு விளையாட்டு வடிவமைக்கும் தொண்டூழியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர் ரோபோ போட்டிக்கான விளையாட்டை வடிவமைக்கத் தொண்டூழியர்கள் கூடும் முதல் மாலையிலேயே பெரும்பாலும் ஒரு தவறு நிகழ்ந்துவிடுகிறது. ரோபோ களத்தில் என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்பே கருப்பொருளைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகம் என்று ஒருவர் சொன்னதும், கொள்கலன்களும் பாரந்தூக்கிகளும் வெண்பலகையை நிறைத்துவிடுகின்றன. பிறகு விதிகள் அந்தப் படத்துக்கேற்ப வளைக்கப்படுகின்றன. பள்ளி மாணவர்கள் சில வாரங்களில் கட்டும் ரோபோவால் பொதுவாக எடுக்கவும் தள்ளவும் அடுக்கவும் எறியவும் ஏறவும் முடியும். இவற்றுள் எதை மாணவர்கள் முயன்று கற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், கருப்பொருளைப் பின்னர் பொருத்திக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய சேதத்தை விளைவிப்பது, புள்ளி அட்டவணையைக் கடைசி வாரம்வரை தள்ளிப்போடுவது. விளையாட்டு என்பதே அந்த அட்டவணைதான் என்பது என் உறுதியான கருத்து. ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற அனைத்துலக மாணவர் ரோபோ போட்டியில் உள்ளதுபோல், 30 விநாடி ரோபோ தானாக இயங்கி, அடுத்த 2 நிமிடம் மாணவர்கள் இயக்கும் ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பந்தைக் கூடையில் சேர்க்க 8 விநாடி ஆகும், அதற்கு 2 புள்ளி என்றால், அந்த 2 நிமிடத்தில் 15 பந்துகள் சேர்ந்து 30 புள்ளி கிடைக்கும். இறுதியில் கம்பியில் தொங்குவதற்கு மட்டும் 50 புள்ளி என்று வைத்துவிட்டால், ஆட்டம் முழுவதும் அசையாமல் நின்று கடைசியில் தொங்கும் ரோபோ, இடைவிடாமல் ஓடிய ரோபோவை வென்றுவிடும். ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடக்கூடிய பிழை இது.

தரவரிசை முறையிலும் இதே கவனம் வேண்டும். அதே அமைப்பு நடத்தும் ஃபர்ஸ்ட் ரோபோடிக்ஸ் போட்டியின் 2010ஆம் ஆண்டு விளையாட்டில், மும்மூன்று அணிகள் ஒரு கூட்டணியாகச் சேர்ந்து மோதின; தோற்ற கூட்டணிக்கு வென்ற கூட்டணியின் புள்ளிகளே தரவரிசைப் புள்ளிகளாக அளிக்கப்பட்டன. எதிரணியையும் மதிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுந்த விதி அது. ஆனால், தோல்வி உறுதி என்று கணித்த அணிகள் எதிரணிக்கே கோல் அடித்துக் கொடுப்பது லாபம் என்று கண்டுகொண்டதால், சில ஆட்டங்களில் ஆறு ரோபோக்களும் ஒரே பக்கத்துக்காக உழைத்தன. அதே போட்டியின் 2002ஆம் ஆண்டு விளையாட்டிலோ, புள்ளி தரும், நகர்த்தக்கூடிய மூன்று இலக்குகளையும் ஒரே ரோபோ பற்றிக்கொண்டு அங்குலம் அங்குலமாக இழுத்துச் சென்றது. அந்த அணி சாம்பியன் கூட்டணியிலும் இடம்பெற்றது. இவற்றை மாணவர்களின் குற்றமாகக் கருதவே கூடாது. விதியைக் கூர்ந்து படித்ததற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அந்த வழியை அவர்களுக்கு முன்பே தேடிப் பார்ப்பது வடிவமைப்பாளரின் கடமை.

நடுவரை மறந்து எழுதப்படும் விதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் இருந்த ஒரு குழு, “பெட்டி வட்டத்துக்குள் இருந்தால் 10 புள்ளி” என்று எழுதியது. பெட்டி முழுவதும் உள்ளே இருக்க வேண்டுமா, கோட்டைத் தொட்டால் போதுமா என்று நாங்கள் குறிப்பிடவில்லை. போட்டி நாளில் ஒரு நடுவர் ஒரு விதமாகவும் பக்கத்துக் களத்து நடுவர் வேறு விதமாகவும் கணக்கிட, தொடக்கநிலை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கண்கலங்கி நின்றார்கள். அந்த முகங்களை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. “உள்ளே”, “தொடுதல்”, “பிடித்திருத்தல்” ஆகிய சொற்களுக்கு வரையறை எழுதாமல் விதிக் கையேட்டை வெளியிடக் கூடாது. ஆட்டம் முடிந்து எல்லாம் அசைவற்று நின்றபின் எண்ணக்கூடிய புள்ளிகளே, ஓட்டத்தின் நடுவே எண்ண வேண்டியவற்றைவிட நம்பகமானவை.

இடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நம் பள்ளி மண்டபங்கள் பலவற்றில் பக்கவாட்டிலிருந்து வெயில் விழும். குளிரூட்டப்பட்ட வகுப்பறையில் சரியாக வேலை செய்த வண்ண உணரி அங்கே சிவப்பையும் ஆரஞ்சையும் குழப்பிக்கொள்ளும். நிறங்களை நன்கு வேறுபட்டவையாகத் தேர்ந்தெடுப்பதோடு, போட்டி நடக்கவிருக்கும் அதே வேளையில், அதே மண்டபத்திலேயே முன்கூட்டிச் சோதித்துப் பார்ப்பதும் அவசியம். களப்பொருள்கள் எளிதில் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

குழு சேர்ந்து உழைக்கும் முறையில் நிகழும் தவறுகள் எளிதில் கண்ணில் படுவதில்லை. பொறியாளர்கள் அதிகமாக இருக்கும் குழுவில், “என் மாணவர்களால் இதைக் கட்ட முடியாது” என்று ஆசிரியர் ஒருவர் மெதுவாகச் சொல்வது யார் காதிலும் விழாமல் போகிறது. அப்படி எழும் எதிர்ப்புகளையும், ஒரு யோசனை கைவிடப்பட்ட காரணத்தையும் எழுதிவைக்காத குழு, மூன்றாவது மாதத்தில் அதே விவாதத்தை மறுபடியும் தொடங்கும். போட்டியிடும் அணியின் பயிற்றுவிப்பாளரை, எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், வடிவமைப்புக் குழுவில் சேர்க்கக் கூடாது. முன்பு போட்டியிட்டு இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் இளையர்களை அழைத்து, “இந்த விதிகளை உடைத்துக் காட்டுங்கள்” என்று கேட்பது பெரும்பயன் தரும். ஆனால், பாராட்டு எதிர்பார்த்து அல்லாமல், இன்னும் திருத்த நேரம் இருக்கும்போதே அவர்களை அழைக்க வேண்டும்.

கையேடு வெளிவந்த பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது. தெரிந்த பயிற்றுவிப்பாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்க, குழு உறுப்பினர் நல்லெண்ணத்தோடு அவருக்கு மட்டும் பதில் அனுப்பிவிடுகிறார். அந்த நொடியிலிருந்து ஓர் அணிக்கு ஒரு விதியும் மற்ற அணிகளுக்கு வேறொரு விதியும் ஆகிவிடுகின்றன. கேள்வி யாரிடமிருந்து வந்தாலும், பதில் எல்லா அணிகளுக்கும் ஒரே நேரத்தில், எழுத்தில் சென்று சேர வேண்டும்.